அக்னி நட்சத்திரத்தில் ஒரு பலாப்பழ பை: கடலூர் வீட்டுச் சமையலறையில் இரண்டு கோடைகள்

கடந்த ஆண்டு மே மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை, கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருக்க, நான் அறுத்து எடுத்த முதல் துண்டிலிருந்து பழச்சாறு தட்டு முழுவதும் ஓடியது. இரண்டாவது துண்டை எடுக்கும்போது அடி மாவு தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, மேல் மாவு மட்டும் கையோடு வந்தது. மூன்றாவது துண்டை எடுக்க முயலவில்லை. அத்தை உள்ளே போய் பாயசக் கிண்ணங்களைக் கொண்டு வந்தார்கள், எல்லோரும் கரண்டியால் சாப்பிட்டார்கள். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று குழந்தைகள்வரை சொன்னார்கள். ஆனால் நான் செய்ய நினைத்தது பழப் பாயசமன்று. மேலும் கீழும் மொறுமொறுப்பான மாவுத் தகடும், நடுவே அறுத்தால் நிற்கும் பழப் பூரணமும் கொண்ட பை (pie) ஒன்றைத்தான் செய்ய நினைத்தேன்.

கோடை விடுமுறைக்கு நெய்வேலியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்தும் எங்கள் குடும்பத்தார் ஆண்டுக்கொரு முறை இந்த வீட்டில் கூடுவது வழக்கம். அவர்களுக்குச் செய்த ஒரு பண்டம் ஏன் தவறியது, இவ்வாண்டு அது எப்படிச் சரியானது என்பதைப் படிப்படியாக எழுதிவைப்பது, நம் ஊர் வெயிலில் பை செய்ய முனையும் மற்றவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன். பை பற்றிய சமையல் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. 'அறை வெப்பநிலை' என்று அவர்கள் எழுதுவது ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில், மே 4 அளவில் தொடங்கி 28 வரை, கடலூரில் பிற்பகலில் ஒரு சமையலறை எந்த வெப்பத்தில் இருக்கும் என்பது அந்தக் குறிப்புகளுக்குத் தெரியாது. இவ்வாண்டு அதே வாரத்தில், அதே மேடையில், பிற்பகல் இரண்டு மணிக்கு நான் அளந்தபோது 36 டிகிரி இருந்தது. வெண்ணெய் முழுதாக உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். என் சமையலறையில் வெண்ணெய் என்பது அந்த நேரத்தில் ஒரு திடப்பொருளே அன்று.

சென்ற ஆண்டு நடந்தவை

முக்கனி பை செய்யலாம் என்பது என் ஆசையாக இருந்தது. மா, பலா, வாழை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் மாதம், மூன்று தலைமுறையும் ஒன்றாக இருக்கும் நாள் என்று பொருத்தம் பார்த்தேனே தவிர, மூன்று பழங்களும் சூட்டில் ஒன்றுபோல் நடந்துகொள்ளுமா என்று பார்க்கவில்லை. நூறு கிராம் பழுத்த மாம்பழத்தில் சுமார் 83 கிராம் நீர்தான். வாழையிலும் பலாச்சுளையிலும் ஏறத்தாழ 75 கிராமுக்குள் அடங்கும். அன்று நான் எடுத்ததில் பாதிக்கு மேல் பங்கனப்பள்ளி. பழங்களை நறுக்கிச் சர்க்கரை தூவி இரண்டு மணி நேரம் மூடிவைத்தேன். சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுக்கும் என்பது ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டு வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இங்கே மட்டும் அதை மறந்து, பாத்திரத்தின் அடியில் தேங்கிய சாறு முழுவதையும் பழத்தோடு சேர்த்துத் தகரத்தில் ஊற்றினேன். வாழைப்பழம் அடுப்பேறியதும் கரைந்து நிறம் மங்கிப்போயிற்று.

மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோலவே பிசைந்தேன். நம் கைக்குப் பழகிய பிசைதல் அது: அழுத்தி, மடித்து, திரும்ப அழுத்தி, வழவழப்பாகும்வரை விடாமல் பிசைவது. மைதாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையப் பிசைய ரப்பர்போல் இழுபடும் வலைப்பின்னலாக மாறும், அதுதான் குளூட்டன். பரோட்டாவை வீசுவதற்கு அந்த வலை வேண்டும், பைக்கு அது பகை. உருகிய வெண்ணெயோடு பிசைந்த அந்த மாவு வெந்தபிறகு ஓரங்களில் தட்டைபோல் கடினமாகவும், அடியில் வேகாத களிபோலவும் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு ஓடிஜி (OTG) என்னும் சிறிய மின் அடுப்பில் வைத்தேன். சாறு வழிந்தால் அடுப்பு பாழாகுமே என்று, கம்பித் தட்டின்மேல் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்து அதன்மேல் பைத் தகரத்தை வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் மேற்பகுதி நன்றாகச் சிவந்துவிட்டது. எடுத்துப் பத்து நிமிடம் கழிவதற்குள், "சூடா இருக்கும்போதே போட்டுடும்மா, ஆறிப்போனா என்ன ருசி இருக்கும்" என்று அத்தை சொன்னார்கள். வடையானாலும் போண்டாவானாலும் சூட்டோடு பரிமாறுவதுதான் வந்தவரை மதிப்பது என்று வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் அது சரியென்றே பட்டது. அறுத்தேன்.

மறுநாள் காலை கிடைத்த தடயம்

தவறு எங்கே என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது மிச்சம் இருந்த மூன்றில் ஒரு பங்குதான். அதைத் தகரத்தோடு குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது, ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பூரணம் ஜாம்போல் கெட்டியாக நின்றது. நடுப்பகுதி மட்டும் முதல் நாள் போலவே தண்ணீராக இருந்தது. ஒரே பூரணம், கெட்டிப்படச் சேர்த்த ஒரே அளவு சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), ஒரே இரவு. அப்படியானால் ஓரமும் நடுவும் வேறு வேறு காரணங்களால் தவறியிருக்க வேண்டும்.

சோளமாவு 62 டிகிரிக்கு மேல்தான் நீரை உறிஞ்சி ஊதத் தொடங்கும். கொதிநிலையை நெருங்கினால்தான் முழுதாகக் கெட்டிப்படும். கெட்டிப்பட்டதும் அது உறைந்து நிற்பது ஆறிய பிறகுதான். கேசரியையும் கூழையும் நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்: அடுப்பிலிருந்து இறக்கும்போது இளக்கமாக இருப்பது ஆறியபின் கத்தி போடும் பதத்துக்கு வருகிறது. அந்தப் பையின் ஓரம் கொதித்திருந்தது. ஆறவிட்டிருந்தால் மாலையிலேயே நின்றிருக்கும், சூட்டோடு அறுத்ததால் ஓடியது. நடுப்பகுதி கொதிக்கவே இல்லை. அதை எத்தனை நாள் ஆறவைத்தாலும் நின்றிருக்காது. மேற்பரப்பின் நிறத்தைப் பார்த்து நான் எடுத்ததுதான் அங்கே பிழை. நிறம் மேலே எரியும் கம்பியைப் பற்றிச் சொல்லுமே ஒழிய நடுவிலிருக்கும் பூரணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

அடி மாவு வேகாததற்கு அந்த எவர்சில்வர் தட்டு காரணம். கீழ்க் கம்பியின் சூட்டை அது குடைபிடித்ததுபோல் மறைத்துவிட்டது. இவற்றோடு இன்னொன்றையும் சில மாதங்கள் கழித்துத்தான் அறிந்தேன். புதுச்சேரியில் கேக் சாமான் விற்கும் கடையொன்றில் அடுப்புக்குள் வைக்கும் சிறு வெப்பமானி வாங்கிவந்து சோதித்தபோது, என் ஓடிஜியின் திருகில் 200 வைத்தால் உள்ளே 175 டிகிரிதான் இருந்தது. வீட்டு அடுப்புகளில் இத்தகைய வேறுபாடு அரிதன்று. மாவுப் பண்டங்களை அடிக்கடி சுடுபவர்கள் எதை வாங்காவிட்டாலும் இந்த வெப்பமானியை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழம்

இவ்வாண்டு பலாவை மட்டுமே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு கோடையில் வேறு பழத்தைத் தேடுவானேன் என்ற உணர்ச்சியும் அதில் உண்டு. ஆனால் காரணம் அது மட்டுமன்று. பண்ருட்டிப் பக்கத்துச் சுளை சதைப்பற்றும் இறுக்கமும் உள்ளது. சூட்டில் கரையாமல் வடிவத்தோடு நிற்கும், மாம்பழத்தைவிட நீரும் குறைவு. அதன் குறை, புளிப்பு இல்லாமை. இனிப்பு மட்டும் இருந்தால் இரண்டாம் வாயிலேயே திகட்டிவிடும். ஆகவே கால் பங்குக்கும் குறைவாகப் புளிப்பு மாங்காயும் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறும் சேர்த்தேன். புளிப்பு அதிகமானால் சோளமாவின் பிடிமானம் தளரும் என்பதால் அந்த அளவைத் தாண்டவில்லை.

பழம் காடாம்புலியூருக்கு அருகிலுள்ள என் சின்ன மாமியார் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, அவர்கள் தோட்டத்தில் இருந்த பெரிய பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. மாவட்டம் முழுக்க அன்று அதே கதைதான். இப்போது காய்க்கும் மரம் அதற்குப்பின் கொட்டை ஊன்றி வளர்த்தது. அந்த மரத்தின் பழம் என்று சொன்னதும் பெரியவர்கள் முகத்தில் தெரிந்த அக்கறைக்காகவே, இம்முறை இது தவறக்கூடாது என்று எனக்கு இருந்தது.

பழத்தை வெட்டியது சனிக்கிழமை மாலை. கத்திக்கும் இரண்டு கைகளுக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நடுத்தண்டை முதலில் அரிந்து எடுத்துவிட்டு, வடியும் பாலைத் தேங்காய் நாரால் துடைத்துத் துடைத்துச் சுளைகளைப் பிரித்தோம். கொட்டை நீக்கியபின் 700 கிராம் சுளையும் 150 கிராம் மாங்காயும் ஒரு பைக்கு எடுத்துக்கொண்டேன். அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, 90 கிராம் நாட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தபின், இறங்கிய சாற்றை மட்டும் வாணலியில் பாதியாகச் சுண்டக் காய்ச்சினேன். பிறகு துண்டுகளையும் போட்டு ஆறேழு நிமிடம் வதக்கி, 35 கிராம் சோளமாவை எலுமிச்சைச் சாற்றோடு கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொதித்துக் கண்ணாடிபோல் பளபளக்கும்வரை கிளறி இறக்கினேன். ஏலக்காய்ப் பொடியும் சுக்குப் பொடியும் கடைசியில். பூரணத்தை அடுப்பிலேயே கெட்டிப்படுத்திவிட்டால் நடுப்பகுதி கொதிக்குமோ கொதிக்காதோ என்ற கவலை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அது முழுதாக ஆறவேண்டும். இளஞ்சூட்டோடு வைத்தாலும் அடி மாவிலுள்ள வெண்ணெய் அடுப்பேறும் முன்னரே உருகிவிடும். இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தேன்.

மாவும் வெண்ணெயும்

இந்த ஆய்வில் எனக்கு அதிக நாள் பிடித்தது இதற்குத்தான். பையின் மாவு ஏடேடாகப் பிரிவதற்குக் காரணம் வெண்ணெய் மாவுக்குள் சிறு சிறு வில்லைகளாகத் திடமாக இருப்பதுதான். சூடான அடுப்பில் அந்த வில்லைகள் உருகும்போது வெண்ணெயிலுள்ள நீர் ஆவியாகிச் சுற்றியுள்ள மாவைத் தூக்கிப் பிரிக்கிறது. அதே நேரத்தில் மாவு வெந்து அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்கிறது. நம் நாட்டு விதிப்படி கடைகளில் விற்கும் வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு கொழுப்பும், அதிகபட்சம் 16 விழுக்காடு நீரும் இருக்கும். அந்த நீர்தான் வேலை செய்கிறது. "நெய் ஊத்திப் பிசைஞ்சா இன்னும் வாசமா இருக்குமே" என்று அத்தை கேட்டது நியாயமான கேள்வி. நெய்யில் நீர் அநேகமாக இல்லை. ஆகவே அது மாவை நானுகட்டாய்போல் பொலபொலவென்று உதிரவைக்குமே தவிர ஏடு பிரிக்காது. வனஸ்பதி நம் வெயிலைத் தாங்கும், அதன் உருகுநிலை 41 டிகிரிவரை போகலாம். ஆனால் வாயின் சூட்டிலும் முழுதாகக் கரையாமல் மேலண்ணத்தில் படலமாக ஒட்டும். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரி முதல் 2 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள் என்றாலும், நாவில் ஒட்டும் அந்த உணர்வு எனக்கு ஒப்பவில்லை. வெண்ணெயே வேண்டும் என்றால் குளிர்ச்சியை நாமே உண்டாக்கியாக வேண்டும்.

ஒரு பைக்கு 350 கிராம் மைதா, 225 கிராம் உப்புப் போட்ட வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. மைதாவையும் பாத்திரத்தையும் அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்தேன். கல்லாக உறைந்த வெண்ணெயைக் கேரட் துருவும் துருவியின் பெரிய கண்களில் துருவி, துருவத் துருவ மைதாவில் புரட்டிவிட்டேன். விரல் நுனிகள் மட்டுமே மாவைத் தொட வேண்டும், உள்ளங்கை சூடு. அதன்பிறகு ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகத் தெளித்தேன். 80 மில்லி போதுமானதாக இருந்தது.

எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் குறிப்புகள் சொல்லும் விளக்கங்கள் எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது அத்தையின் ஒரு சொல். பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது புட்டு மாவுப் பதம்தானே" என்றார்கள். அதேதான். கையில் எடுத்துப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அரிசி மாவில் தண்ணீர் தெளித்துப் பிசிறிப் பழகிய எந்தக் கையும் பை மாவின் பதத்தை ஒரே தடவையில் கண்டுகொள்ளும். பிசையக் கூடாது என்று பத்துமுறை படித்தும் பிசைந்துவிட்ட நான், பிசிறவேண்டும் என்ற சொல் கிடைத்ததும் பிழை செய்யவில்லை. பிசிறிய மாவை அப்படியே சேர்த்தழுத்தி, இரண்டு தடித்த வில்லைகளாகத் தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

மின்சாரம் நின்ற புதன்கிழமை

குடும்பக் கூடலுக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு ஒத்திகையாக ஒரு பை செய்தேன். அடுப்பில் வைத்துப் பதினெட்டு நிமிடம் ஆனபோது மின்சாரம் போயிற்று. ஓடிஜி 1500 வாட்டுக்கு மேல் இழுப்பது. வீட்டு இன்வெர்ட்டரால் அதை ஓட்ட முடியாது. கதவைத் திறக்காமல் காத்திருந்தேன். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மடித்து அழுத்தியிருந்த ஓரம் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் வந்ததும் தொடர்ந்து வேகவைத்து எடுத்தேன்.

அந்தப் பை வீணாகவில்லை. அது இரண்டு உண்மைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது. நான்கு மணி நேரம் ஆறவைத்து அறுத்தபோது பூரணம் கத்தியின் தடத்தோடு நேராக நின்றது. ஆகவே பழத்தின் அளவும் சோளமாவின் அளவும் சரி, அவற்றை இனித் தொட வேண்டியதில்லை. மாவு மட்டும் எண்ணெய் கோத்து அடர்த்தியாக இருந்தது. மாவு வெந்து பிடிப்பதற்குமுன் சூடு தணிந்துவிட்டதால், வெண்ணெய் ஆவியாய்த் தூக்காமல் மெல்ல உருகி வழிந்துவிட்டது. பைக்கு முதல் இருபது நிமிடச் சூடு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்திருக்காது.

அன்று மாலை எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்துப் பார்த்தபோதுதான், என் சிக்கல்கள் பலவற்றுக்கும் விடை ஒன்றே என்று புரிந்தது. சமையலறை சூடு, மின்தடை அச்சம், ஆறுவதற்குப் போதாத நேரம் ஆகிய மூன்றும் நான் பிற்பகலைத் தேர்ந்தெடுத்ததால் வந்தவை. மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அதே மேடையில் அளந்தேன்: 29 டிகிரி. எங்கள் தெருவில் அந்த நேரத்தில் மின்சாரம் போனதாக நினைவில்லை. ஆறு மணிக்குள் வெந்த பை மாலை நான்கு மணிவரை ஆறலாம். யாரும் சூட்டோடு கேட்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அப்போது எல்லோரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

மூன்றரை மணிக்கு எழுந்தேன். அத்தை வாசல் தெளிக்க எழும் நேரம் நான்கு. அன்று அவர்களும் முன்னதாகவே எழுந்து வந்துவிட்டார்கள். ஒரு பெரிய தாம்பாளம் நிறைய ஐஸ் கட்டிகளைப் போட்டு, கருங்கல் மேடையின்மேல் பத்து நிமிடம் வைத்து, கல் குளிர்ந்ததும் ஈரத்தைத் துடைத்தேன். அந்தக் குளிர்ந்த இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே மாவு வில்லையை வைத்து, சப்பாத்திக் குழவியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, வெள்ளை மாவுக்குள் வெண்ணெய்த் துருவல்கள் மஞ்சள் கீற்றுகளாக நீண்டு தெரிந்தன. அந்தக் கீற்றுகள் தெரியும்வரை மாவு நல்ல நிலையில் இருக்கிறது. அவை மறைந்து மாவு ஒரே நிறமாகப் பளபளத்தால் உடனே உறைபெட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒருமுறை அனுப்ப நேர்ந்தது.

ஒன்பது அங்குல அலுமினியத் தகரத்தில் அடித் தகட்டைப் பரப்பி, அதன்மேல் பொடித்த பண்ருட்டி முந்திரி 40 கிராமையும் ஒரு கரண்டி வறுத்த ரவையையும் தூவினேன். பழத்துக்கும் மாவுக்கும் நடுவில் சாறு உறிஞ்சும் தடுப்பாக இது நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பழ டார்ட்டுகளில் பாதாம் விழுதைப் பரப்புவதும் இதையொத்த ஏற்பாடுதான். குளிர்ந்த பூரணத்தை நிரப்பி மேல் தகட்டால் மூடினேன். ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தப் போனபோது அத்தை தகரத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். தீபாவளிக்குத் தீபாவளி சோமாசி ஓரம் மடித்த விரல்கள் அவர்களுடையவை. ஆள்காட்டி விரலால் மாவின் விளிம்பைச் சற்றே தூக்கி, கட்டைவிரலால் உள்நோக்கி மடக்கி, மடக்கிய நுனியின்மேலேயே அடுத்த மடிப்பைப் படியவைத்து, தகரத்தைச் சுற்றிக்கொண்டே போனார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முறுக்கிய கயிறுபோல் ஓரம் முழுவதும் மூடிக்கொண்டது. நான் பார்த்த எந்தப் படத்திலும் அத்தனை ஒழுங்கான ஓரம் இல்லை.

மேலே ஐந்து கீறல்கள் போட்டு, கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, முட்டை சேர்க்காத பெரியவர்கள் இருப்பதால் பால் மட்டும் தடவிச் சர்க்கரை தூவினேன். அடுப்பைப் பற்றி ஒரு செய்தி. கைப்பிடி இல்லாத இரும்புத் தோசைக்கல்லை ஓடிஜியின் கீழ்த் தட்டில் வைத்து இருபத்தைந்து நிமிடம் காயவிட்டிருந்தேன். காய்ந்த கல்லின்மேல் தகரத்தை வைத்ததால் அடி மாவுக்கு முதல் நொடியிலிருந்தே சூடு ஏறியது. சென்ற ஆண்டு எவர்சில்வர் தட்டு கெடுத்ததை இந்த ஆண்டு தோசைக்கல் திருத்தியது. உள்ளே 210 டிகிரி இருக்குமாறு இருபது நிமிடம், பிறகு 180 டிகிரிக்குக் குறைத்து நாற்பத்தைந்து நிமிடம். மேற்பகுதி சிவந்து வந்ததும் ஓர் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தினேன். எடுக்கவேண்டிய நேரத்தைக் கடிகாரத்தைவிட நடுக் கீறல்தான் சரியாகச் சொன்னது. அதன்வழியே சாறு, பால் பொங்குவதுபோல் சளசளவென்று பொங்காமல், அல்வா பதத்துக்கு வரும்போது கொப்புளம் வெடிப்பதுபோல் நிதானமாகக் கொப்புளித்தது.

தகரத்தை எரிவாயு அடுப்பின் இரும்புத் தாங்கியின்மேல் வைத்து ஆறவிட்டேன். அடியிலும் காற்று போவதால் ஆவி தேங்கி மாவு நமத்துப்போகாது. பிறகு எறும்புக்காக அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். உறவினர்கள் ஒவ்வொருவராகச் சமையலறைக்கு வந்து பார்த்துப் போனார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் கேட்டபோது, அறுக்கக் கூடாது என்று தடுத்தவர் அத்தை.

மாலை நான்கு மணிக்கு முத்தியால்பேட்டை நாத்தனார் கத்தி போட்டார்கள். மேல் மாவு உடையும் ஓசை கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. முதல் துண்டு அடியோடு வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்தோம்: நல்ல பொன்னிறம், தட்டினால் பிஸ்கட் ஓசை. பலாச்சுளைகள் மாங்காய்த் துணுக்குகளோடு பிடித்து நின்றன, தட்டில் ஒரு துளி சாறு இறங்கவில்லை. அத்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது சோமாசிக்கு அக்காடி" என்றார்கள்.

மிச்சமுள்ள குறைகள்

பத்தொன்பது பேருக்கு இரண்டு பைகள் தேவைப்பட்டன. என் அடுப்பில் ஒருமுறைக்கு ஒன்றுதான் வேகும். இரண்டாவது பையைக் கூட்டிமுடித்து, முதலாவது வெந்து வரும்வரை மேடையிலேயே வைத்திருந்தேன். விடிந்து சமையலறை 31 டிகிரிக்கு வந்துவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் மாவு இளகி, வெந்தபின் அதன் ஓரம் ஓரிடத்தில் பிரிந்து சாறு வழிந்தது. அடியும் முதலாவதைப்போல் மொறுமொறுப்பாக இல்லை. தோசைக்கல்லை மறுபடியும் காயவிடாமல் அவசரப்பட்டு வைத்ததும் ஒரு காரணம். சாப்பிட்டவர்கள் வேறுபாட்டைச் சொல்லவில்லை, இரண்டையும் அடுத்தடுத்துத் தின்று பார்த்த எனக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு இரண்டாவது பையைக் கூட்டியவுடன் உறைபெட்டிக்குள் வைத்துவிட்டு, முதலாவதை எடுத்தபின் கல்லைப் பத்து நிமிடம் தனியே காயவைக்கப் போகிறேன்.

மிஞ்சிய நான்கு துண்டுகளைத் திங்கட்கிழமை காலை பார்த்தபோது கடற்காற்றின் ஈரத்தில் மேல் மாவு சற்று நமத்திருந்தது. 170 டிகிரியில் பத்து நிமிடம் வைத்ததும் பழையபடி மொறுமொறுப்பானது. பெங்களூர் கிளம்பிய கொழுந்தனார் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவற்றை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தனுப்பினோம்.